கண்மாய்க்குப் போய்வரும் தூரத்துக்குத் தூண்டில் ராடை எப்படிக் கொண்டுபோவது?

வில்லாபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணே, 12 அடி கார்பன் ராடு ரெண்டு வாங்கினேன். ரெண்டு துண்டா கழட்டுற மாடல். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் பைக்ல கிளம்பி, ரோகு, கட்லாவுக்குப் போட்டுட்டு பத்து மணிக்குள்ள வீட்டுக்கு வந்துருவேன். மூணாவது தடவை போறப்பவே ஒரு ராடோட நுனி ரெண்டு இன்ச் ஒடிஞ்சு போச்சு. நல்ல பையா ஒண்ணு வாங்குனா போதுமா? எந்தப் பை வாங்கலாம்? ஒடிஞ்சதை என்ன செய்யிறது?”

தம்பி, நுனியில் இரண்டு இன்ச் போனது பெரிய சேதமில்லை. ஒரு மணி நேர வேலையில் சரியாகிவிடும், எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். ஆனால் பை வாங்கினால் போதுமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் போதாது என்பதுதான். உங்கள் சிக்கல் ராடின் நீளத்தில் இருக்கிறது, பை அதற்கு அப்புறம்தான்.

நான் மீன் பிடிப்பதோடு, தெரிந்தவர்களின் ராடுகளுக்கு, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கட்டிக் கொடுக்கும் வேலையும் ரொம்ப வருசமாகச் செய்கிறேன். ஒடிந்து என் கைக்கு வந்தவற்றில் மீன் இழுத்து ஒடிந்தது அபூர்வம். கார் கதவில் நசுங்கியது, பைக்கில் வரும்போது வேலிக் கிளையில் சிக்கியது, வீட்டுக்குள் மாட்டிப் பார்க்கும்போது சீலிங் ஃபேனில் அடிபட்டது, கரையில் கிடந்ததை யாரோ மிதித்தது என்று இப்படித்தான் வரும். “பெரிய மீன்ணே, ஒடிச்சிட்டுப் போயிருச்சு” என்று சொல்லிக் கொண்டுவரும் ராடுகளிலும், ஒடிந்த இடத்தை உற்றுப் பார்த்தால் பாதிக்கு மேல் பழைய அடி ஒன்று தெரியும்.

இதற்குக் காரணம் கார்பனின் குணம். நாம் சின்ன வயசில் வைத்திருந்த மூங்கில் கம்பை சைக்கிள் பாரில் கட்டி, அதன்மேல் உட்கார்ந்துகூட வந்திருக்கிறோம். அதற்கு ஒன்றும் ஆகாது. ஃபைபர் கிளாஸ் ராடும் ஓரளவு அப்படித்தான், கனமாக இருக்கும், அடி தாங்கும். கார்பன் ராடு என்பது மெல்லிய கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்துச் சுருட்டிய ஒரு வெற்றுக் குழாய். இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் வளைத்தால் அபாரமாகத் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் ஒரு சின்னக் கல்லோ இரும்போ பட்டால், அந்த ஒரு இடத்தில் இழைகள் அறுந்துவிடும். வெளியே பெயின்டில் நகக்கீறல் போல ஒரு கோடு தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. அடுத்த வாரம் மீன் மாட்டி ராடு வளையும்போது பாரம் முழுக்க அந்த இடத்தில் வந்து நிற்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை அலங்காநல்லூர், பாலமேடு வழியாக சாத்தியார் அணைப் பக்கம் போனேன். போன உடனே போட வேண்டும் என்ற அவசரத்தில், முதல் நாள் ராத்திரியே நரம்பு கோத்து, முள் கட்டி, 60 கிராம் ஈயத்தையும் மாட்டி, ராடை மடக்கி பைக்கில் கட்டிவிட்டேன். வழி நெடுக ஈயம் ராடின் தண்டில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வந்தது. காதில் விழுந்தது, ஆனாலும் நிறுத்திப் பார்க்கவில்லை. காலை ஏழு மணி வாக்கில் ஒரு மீன் மாட்டியது. இரண்டு கிலோவுக்கு மேல் இருக்காது, நிதானமாகத்தான் இழுத்தது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், மேல் துண்டு சரிபாதியில் போய்விட்டது. மீனை நரம்பைக் கையில் பிடித்துக் கரையேற்றினேன். ஒடிந்த இடத்தைப் பார்த்தால், அதைச் சுற்றி இரண்டு விரற்கடை நீளத்துக்கு பெயின்டில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிப் புள்ளியாகக் கிடந்தது. வரும் வழியில் ஈயம் தொங்கித் தட்டிய அதே இடம்.

அதனால் ராடை என்ன பையில் போட்டாலும் சரி, ஈயத்தைக் கழற்றாமல் நகர்த்தாதீர்கள். முடிச்சை அவிழ்க்க வேண்டாம் என்று நினைத்தால் நரம்பின் முனையில் ஒரு ஸ்னாப் கொக்கி கட்டிக்கொள்ளுங்கள், ஈயத்தை நொடியில் மாட்டலாம், கழற்றலாம். கழற்றவே முடியாத அமைப்பு என்றால் ஒரு பழைய சாக்ஸுக்குள் ஈயத்தைப் போட்டு, நரம்பு சுற்றும் ரீலுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். முள்ளை வளையத்தில் மாட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வளையத்துக்குள் பளபளவென்று இருப்பது பீங்கான் மாதிரியான ஒரு பொருள். முள்முனை அதைக் கீறினாலோ சில்லுப் பெயர்த்தாலோ, அதன் பிறகு ஓடும் நரம்பெல்லாம் அறுபடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பஞ்சு எங்கே இழுபடுகிறதோ அங்கே விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். முள்ளை மாட்ட ரீலின் கால் போதும், அல்லது கைப்பிடிக்குச் சற்று மேலே முள்ளுக்கென்றே சின்னக் கொக்கி இருக்கும், அதில் மாட்டலாம்.

நரம்பு கோத்தபடியே மடக்கிக் கொண்டுபோவதில் தப்பொன்றும் இல்லை. மூன்று மணி நேரம் உட்காரப் போகிறவர் அரை மணி நேரத்தை இருட்டில் நரம்பு கோப்பதில் செலவழிக்கக் கூடாது. ஆனால் மடக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே ஓட வேண்டும் என்று வைக்கும் திருகை, நன்றாகத் தளர்த்துங்கள். இரண்டு துண்டுகளையும் பிரித்து, மேல் துண்டின் நுனி கைப்பிடிப் பக்கம் வரும்படி அருகருகே வையுங்கள். தொளதொளவென்று கிடக்கும் நரம்பை ரீலில் சுற்றும்போது இழுத்து விறைப்பாக்கிவிடாதீர்கள். நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். நரம்பு விறைத்தால் நுனி வில் மாதிரி வளைந்தபடி பைக்குள் போகும், மேலே எது பட்டாலும் ஒடியும். உங்கள் ராடும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன், நுனியில் இரண்டு இன்ச் என்பதை வைத்துச் சொல்கிறேன். நுனி நேராக இருக்கும் அளவுக்குத் தளர்வு விட்டு, இரண்டு துண்டுகளையும் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, நடுவில் ஒரு பட்டை போட்டுக் கட்டுங்கள்.

பட்டையென்று கடையில் விற்பதை வாங்க முடிந்தால் நல்லதுதான், நுனி மூழ்கும்படி சின்னத் தொப்பியும் அதில் இருக்கும். இல்லையென்றால் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு நீளப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். இறுக்காமல் இரண்டு சுற்று, அவ்வளவுதான். நைலான் கயிறு வேண்டாம், அது தண்டைக் கவ்வி அரைக்கும். இரண்டு துண்டுகளுக்கும் நடுவே துணி வரவேண்டும், ஒன்றின் வளையம் மற்றதன் தண்டில் உரசக் கூடாது. நுனித் தொப்பிக்கு ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்மேல் போடும் கருப்பு ஃபோம் அருமையாக இருக்கிறது. ஒரு சாண் நீளம் வெட்டி, கீழ்வாயை டேப் போட்டு அடைத்து, நுனியில் மாட்டிவிடலாம்.

இனி பைக்குக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் நடுநாயகமே இதுதான்.

12 அடி ராடை இரண்டாகக் கழற்றினால் ஒரு துண்டு 6 அடிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு ஸ்கூட்டரின் மொத்த நீளமே ஏறக்குறைய 6 அடிதான். இந்த நீளத்தை வண்டியில் வைக்க ஒழுங்கான இடம் கிடையாது. முதுகில் குறுக்காக மாட்டினால் தலைக்கு மேலே இரண்டு மூன்று அடி நீட்டிக்கொண்டிருக்கும். ஊருக்குள் சமாளித்துவிடுவீர்கள். கண்மாய்க் கரையில் ஏறியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் கவிந்திருக்கும், நீங்கள் குனிந்து போவீர்கள், முதுகில் இருப்பது குனியாது. கிளையில் சிக்கினால் ராடு மட்டும் போகாது, வண்டியோடு நீங்களும் சாய்வீர்கள். பக்கவாட்டில் நீளவாக்கில் கட்டினால் முன்பகுதி ஹேண்டிலைத் திருப்ப விடாது, இல்லையென்றால் பின்னால் நீட்டிக்கொண்டு போய் அடுத்த வண்டிக்காரர் முகத்துக்கு நேராக நிற்கும். நடுவில் குறுக்காக வைத்துக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், எதிரே வருகிறவர் கண் போய்விடும்.

ஆகவே தனியாக பைக்கில் போகிறவருக்கு 12 அடி, இரண்டு துண்டு ராடு பொருந்தாது என்பதே என் முடிவு. 9 அடி அல்லது 10 அடி நீளத்தில், மூன்று நான்கு துண்டாகக் கழறும் ராடு ஒன்று வாங்குங்கள். 10 அடி, நான்கு துண்டு என்றால் ஒரு துண்டு இரண்டரை அடிதான். காலேஜ் பேக் ஒன்றில் பக்கவாட்டில் செருகி, தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். உள்ளே உள்ளே போய் அடங்கும் டெலஸ்கோப் ராடும் நடக்கும். அதில் இணைப்புகள் அதிகம், மண் புகுந்தால் இறுகும், நுனித் துண்டு ரொம்ப மெல்லிசு, அதனால் எனக்கு அது இரண்டாம் பட்சம்.

“10 அடி போதுமா, தூரம் போகாதே” என்று கேட்பீர்கள். 12 அடி ராடு இங்கிலாந்தில் ஏரி நடுவில் தூரமாகத் தீவனம் போட்டு, அங்கே ஈயத்தைக் கொண்டுபோய் இறக்குவதற்காகப் பரவலான அளவு. அந்த நாட்டிலேயே நவீன கெண்டைத் தூண்டிலுக்கு வழி காட்டியவர் என்று சொல்லப்படும் ரிச்சர்ட் வாக்கர், 1952 செப்டம்பரில் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார், கிட்டத்தட்ட 20 கிலோ. அன்றைக்கு அது அந்த நாட்டுச் சாதனை. அந்த மீன் லண்டன் விலங்குக் காட்சி சாலையில் உயிரோடு பல வருசம் இருந்தது. அவர் கையில் இருந்தது மூங்கில் கீற்றுகளை ஒட்டிச் செய்த 10 அடி ராடு. நிலையூர்க் கண்மாயிலோ மாடக்குளத்திலோ நாம் போடும் இடம் மடைப் பக்கமும் கரையோரத்துப் புல்லும்தான். விடிகாலையில் ரோகுவும் மிருகாலும் இரை தேடிக் கரைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகின்றன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். இருபது முப்பது அடி தூரத்துக்கு மைதா உருண்டை போட 12 அடி எதற்கு?

கையில் இருக்கும் 12 அடி ராடுகளை விற்க வேண்டாம். கார் கிடைக்கிற நாளுக்கும், பஸ், ரயிலில் போகிற நாளுக்கும் அவை இருக்கட்டும்.

குட்டை ராடு என்றாலும் பைக்கில் கட்டுவதாக இருந்தால் இடது பக்கம், புடவை சிக்காமலிருக்கப் போட்டிருக்கும் கம்பியை ஒட்டிக் கட்டுங்கள். வலது பக்கம் சைலன்சர் சூடு. பை தொட்டுக்கொண்டே வந்தால் துணி பொசுங்குவதோடு ராடின் பிசினும் கெடும். கட்டிய பிறகு வண்டியை நிறுத்தி வைத்து ராடைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், எங்கே இரும்பில் தட்டுகிறதோ அங்கே ஒரு துண்டு ஃபோமைச் செருகுங்கள். வழியில் டீக்கடையில் நிறுத்தும்போது இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் போகிறவர்களுக்கு ஒரே விதி: நுனி முன்பக்கம், கைப்பிடி டிக்கிப் பக்கம். அடித்துச் சாத்தப்படுவது டிக்கிக் கதவுதான், அந்தப் பக்கம் தடிமனான பகுதி இருந்தால் பிழைக்கும். பின்சீட்டை மடக்கி, முன்சீட்டுகளுக்கு நடுவில் தாழ்வாக நுனியை விடலாம். மற்ற சாமான்களை முதலில் ஏற்றி, ராடைக் கடைசியாக மேலே வைத்து, இறங்கியதும் முதலில் எடுத்துவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியை இறக்கி நுனியை வெளியே நீட்டிக்கொண்டு போவதை ஒருநாளும் செய்யக் கூடாது. அதைவிட முக்கியமாக, மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் ராடை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டும். நுனி வளையத்தைப் பெரும்பாலும் சூட்டில் இளகும் பசை கொண்டுதான் ஒட்டியிருப்பார்கள், அது இளகி வளையம் திரும்பிக்கொள்ளும். அடுத்த தடவை ராடை மாட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தால் எல்லா வளையமும் ஒரு நேர்கோட்டில் நிற்க, நுனி மட்டும் கோணிக்கொண்டு நிற்கும்.

டவுன் பஸ்ஸில் மேல் தட்டில் வைக்காதீர்கள். யாராவது அவசரத்தில் மூட்டையை அதன்மேல் தள்ளிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, துணிப்பைக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதே. முதல் பஸ்ஸில் ஏறி, பின்படிக்கட்டை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்து, கைப்பிடி தரையிலும் நுனி மேலேயும் இருக்க, தோளோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வைகை அணைப் பக்கம் போகிறவர்களுக்கு இப்போது ரயிலும் இருக்கிறது. 2022 மே மாதம் மதுரை–தேனி அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது, 2023 ஜூனில் அது போடி வரை போனது. ஆண்டிபட்டியில் இறங்கிக்கொள்ளலாம். ரயிலில் 6 அடித் துண்டுக்கு மேல்தட்டு நல்ல இடம், அங்கே குழாய்க்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கியே போகலாம். அணையிலும் சரி, கண்மாயிலும் சரி, மீன் பிடிக்கும் உரிமை வேறு ஒருவரிடம் இருக்கும். கண்மாய்கள் பெரும்பாலும் மீன்பாசிக் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். குஞ்சு விட்டு வளர்ப்பவர் அவர், கேட்டால் பலர் மனம் கோணாமல் விடுவார்கள்.

குழாய் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடையில் பிவிசி தண்ணீர்க் குழாய் வாங்கி, துண்டின் நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். எந்த அகலம் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் ராடின் அடி வளையம். 12 அடி கெண்டை ராடுகளில் ரீலுக்கு அடுத்த முதல் வளையம் 40 அல்லது 50 மி.மீ. இருக்கும். அதனால் ஒரு ராடுக்கு 75 மி.மீ. குழாய் சரியாக இருக்கும், இரண்டு ராடுக்கு 110 மி.மீ. வேண்டும். 63 மி.மீ. குழாய் விலை குறைவென்று வாங்கினால் 50 மி.மீ. வளையம் உள்ளே தேய்த்துக்கொண்டு போகும், வளையக் கால் வளையும். ஒரு முனையில் மூடியைப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டுங்கள், மறுமுனையில் கழற்றுகிற மாதிரி திருகு மூடி. இரண்டு மூடிக்குள்ளும் பழைய யோகா பாயை வட்டமாக வெட்டி மெத்தை வையுங்கள். குழாயின் இரண்டு இடத்தில் பெல்ட் கட்டினால் தோளில் மாட்டலாம். அடிமூடியில் இரண்டு சின்ன ஓட்டை போட மறக்காதீர்கள், ஈரம் அடைந்து கிடக்கக் கூடாது.

ஒன்றைச் சொல்ல வேண்டும், ரீல் மாட்டியபடி ராடு குழாய்க்குள் போகாது. அதனால் காலையில் போய்ப் பத்து மணிக்குத் திரும்புகிறவருக்குக் குழாயைவிட உறை மேல். ஒரு ராடுக்கு ஓர் உறை, ரீல் இருக்கும் இடத்தில் மட்டும் வயிறு மாதிரி உப்பலாக, உள்ளே ஃபோம் வைத்து, பக்கவாட்டில் ஜிப். வெளியூர்க் கம்பெனி உறைகள் கிடைக்கின்றன, விலை கூடுதல். நான் பயன்படுத்துவது ஸ்கூல் பேக் தைக்கும் கடையில் கொடுத்துத் தைத்தது. அளவுக்கு ராடையே கொண்டுபோய்க் காட்டினேன். ரெக்சின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது வெயிலில் வேகும், ஈரத்தை வெளியே விடாது. கனமான கான்வாஸ்தான் நல்லது. அதற்கும் செலவழிக்க வேண்டாமென்றால் பழைய ஜீன்ஸ் பேண்ட் கால்கள் இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, கீழே மூடி, மேலே நாடா போட்டுவிடுங்கள். ரீலைத் தனியாகப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஐந்து ஆறு ராடு வைக்கும் பெரிய பைகள் நம் பயணத்துக்குத் தேவையே இல்லை. இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும், நிரப்பினால் ராடுகள் ஒன்றோடு ஒன்று மோதும். காலை நேரத்துக்கு இரண்டு ராடு ஏராளம்.

கரைக்குப் போனபின் கவனம் விட்டுவிடுகிறோம். மரங்களுக்கு நடுவே நடக்கும்போது கைப்பிடி முன்னால், நுனி பின்னால் இருக்கட்டும். நுனியை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தால் முதலில் தரையில் குத்துவது அதுதான். துண்டுகளை மாட்டும் முன் இணைப்பைத் துணியால் ஒரு துடை துடையுங்கள். கரம்பை மண்ணின் தூசு உள்ளே போனால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், இல்லையென்றால் இறுகிக்கொள்ளும். மாதம் ஒருமுறை மெழுகுவர்த்தியை இணைப்பில் லேசாகத் தேய்த்துவிட்டால் போதும். இறுகிவிட்டால் வளையத்தைப் பிடித்துத் திருகவே கூடாது. குந்தி உட்கார்ந்து, ராடை முழங்காலுக்குப் பின்னால் குறுக்காகக் கொண்டுவந்து, இணைப்புக்கு இரண்டு பக்கமும் சைக்கிள் டியூப் துண்டு சுற்றிப் பிடித்து, முழங்கால்களை வெளிப்பக்கம் விரியுங்கள். கை பிடித்தபடி இருக்க, கால் இழுக்கும். நேராக இழுபடுவதால் சேதமில்லாமல் கழன்று வரும்.

கலுங்குக் கல்லின் மேல் ராடைச் சாய்க்காதீர்கள். கருங்கல் விளிம்பு கார்பனுக்கு அரம் மாதிரி. தரையிலும் போட வேண்டாம், ஆடு மாடு வரும், பின்னால் வேடிக்கை பார்க்க வருகிறவர் காலடியில் பார்க்க மாட்டார். கருவேலங்கிளையில் ஒரு கவைக் கம்பு வெட்டி, கவையில் துணி சுற்றி ஊன்றினால் போதும். ஆனால் டிராக்கைத் தளர்த்தி வைக்காமல் கவையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், நாலு கிலோ கட்லா ராடையே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். அப்படிப் போனதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன், ரீல் கைப்பிடி ஒரு தடவை வெயிலில் மின்னியது, அதோடு சரி.

இன்னொன்று, இதை மட்டும் எப்போதும் நினைவில் வையுங்கள் தம்பி. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பம்புசெட்டுகளுக்குப் போகும் மின்கம்பி கண்மாய்க் கரையை ஒட்டித் தாழ்வாகத் தொங்கும் இடங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. கம்பிக்குக் கீழே வரும்போது ராடு மடக்கியபடி, இடுப்புக்குக் கீழே, கிடைமட்டமாக இருக்க வேண்டும். ராடை மாட்டுவது, வீசுவது எல்லாம் கம்பியை விட்டு வெகு தூரம் தள்ளித்தான். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மீன் நன்றாக எடுக்கும் காலம், இடியும் அப்போதுதான். முதல் இடிச் சத்தம் கேட்டதும் ராடைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குங்கள். அந்த நேரத்தில் மட்டும் ராடு என்ன ஆனாலும் ஆகட்டும்.

வீடு திரும்பியதும் உறையோடு மூலையில் சாத்திவிடாதீர்கள். உறையைக் கொடியில் காயப் போடுங்கள். ராடை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர விடுங்கள். ஈரத்தோடு ஜிப் போட்டு வைத்தால் கார்க் கைப்பிடி பூஞ்சை பிடிக்கும், வளையக் கால்களில் துரு ஏறும். துடைக்கும்போதே விரல் நுனியால் தண்டை மேலிருந்து கீழே ஒரு தடவை தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலை விரல் சொல்லிவிடும். ஃபேன் ஓடும் அறையில் மட்டும் முழு ராடையும் மாட்டாதீர்கள்.

இனி உங்கள் ஒடிந்த நுனி. ஒடிந்த துண்டில் இருக்கும் நுனி வளையத்தின் உலோகக் குழலை லைட்டரால் சில நொடி சூடு காட்டி, இடுக்கியால் இழுத்தால் கழன்று வரும். ராடில் ஒடிந்த வாய் இழை இழையாகப் பிரிந்திருக்கும். அதற்குக் கீழே, இழை பிரியாத இடத்தில் டேப் சுற்றி, டேப்பின் மேலேயே சன்னமான ஆக்சா பிளேடால் ராடைச் சுழற்றிச் சுழற்றி அறுங்கள். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் குழாய் நசுங்கும். பிறகு தண்ணீர் தொட்டு நைஸ் உப்புத்தாளில் தேயுங்கள். கார்பன் தூசு மூச்சில் போகக் கூடாது, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது நுனி முன்னைவிடத் தடிமனாக இருப்பதால் பழைய வளையம் ஏறாது. ராடைத் தூண்டில் கடைக்குக் கொண்டுபோய், பொருந்தும் வளையமாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்றும்போது இறுக்கித் திணிக்க வேண்டாம். ஒட்டுவதற்குப் பசைத் துப்பாக்கியில் போடும் குச்சி போதும். உருக்கி நுனியில் தடவி, வளையத்தையும் லேசாகச் சூடாக்கிச் செருகி, கைப்பிடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, மற்ற வளையங்களின் வரிசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், அடுத்த தடவை அந்த வளையத்தைக் கழற்ற வழியே இருக்காது.

ஆறியதும் ரீல் மாட்டி, நரம்பு கோத்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டித் தரையிலிருந்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உங்கள் மாதிரி 12 அடி ராடுகளில் 2.75 பவுண்டு என்று எழுதியிருந்தால், நுனியைக் கைப்பிடிக்குச் செங்குத்தாகத் திருப்ப ஒன்றேகால் கிலோ பாரம் வேண்டும் என்று அர்த்தம், ஆகவே ஒரு கிலோ அதற்குத் தாங்க வேண்டிய பாரம்தான். வளைவு எங்கும் மடிப்பு விழாமல் சீராக வந்து, சத்தம் எதுவும் கேட்காவிட்டால் ராடு தேறிவிட்டது. நடுவில் எங்காவது முறுக்கென்று மெல்லிய சத்தம் வந்தால், நுனி ஒடிந்த அன்றைக்கே அங்கேயும் அடிபட்டிருக்கிறது. அந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், கட்டுப் போட்டுக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.